மறு: மின்னஞ்சல் 'ரிலே'க்குத் தமிழில் என்ன?

அன்பர்களே, வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மொரீசியசில் எங்கள் ரோஸ் ஹில் வகுப்பில் மாணவர்கள் சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) அமைக்கிறார்கள். மடல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவியாயிற்று. ஆனால் வீட்டு இணைப்பிலிருந்து 25ஆம் துறை (போர்ட்) வழியாக நேரே அனுப்பினால் இணைய நிறுவனமே பெரும்பாலும் அடைத்துவிடும். அடைக்காவிட்டாலும் வீட்டு ஐபி முகவரி என்று கண்டதும் எதிர்முனை வழங்கிகள் பல ஏற்பதில்லை. அதனால் 587ஆம் துறையில், மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்), பயனர்பெயரும் கடவுச்சொல்லும் காட்டி, வெளியே உள்ள இன்னொரு வழங்கியிடம் மடலைக் கொடுக்க வேண்டும். அந்த வழங்கியைத்தான் ஆங்கிலத்தில் ரிலே என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ப் பெயர் கேட்டேன்.

> அஞ்சல் என்றாலே ரிலேதானே? நாங்கள் அஞ்சலோட்டம் என்றுதான் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்வது சரி. வானொலியிலும் 'அஞ்சல் செய்கின்றன' என்றுதான் கேட்டிருக்கிறோம். திருவிதாங்கூரிலோ, மணி கட்டிய கோலோடு தபால் பை சுமந்து ஓடியவரே அஞ்சலோட்டக்காரர். ஒரே சொல், அங்கே தபால், யாழ்ப்பாணத்தில் ஓட்டப் பந்தயம். இதைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம்! ஆனால் மெயிலுக்கே அஞ்சலைக் கொடுத்துவிட்டோம். இனி மெயில் ரிலே 'அஞ்சல் அஞ்சல்' ஆகிவிடும்.

> உய்ப்பி என்று வையுங்கள். 'நன்றின்பால் உய்ப்ப தறிவு' (குறள் 422).

ஐயா, உய்த்தல் செலுத்துதல்தான். ஆனால் குறளில் அறிவு தானே செலுத்துகிறது. இங்கே ஒருவர் கொடுத்ததை வாங்கி அடுத்தவரிடம் சேர்க்க வேண்டும். அந்த 'வாங்கி' உய்ப்பியில் எங்கே இருக்கிறது? அதோடு, எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்கு வகுப்பறை மொழி. தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். வேர்ச்சொல்லிலிருந்து ஊகிக்கச் சொன்னால் தவித்துப் போவார்கள்.

'கைமாற்றி' எனக்குப் பிடித்திருந்தது. கைமாற்று கடனல்லவா என்று அக்கா கேட்டபின் விட்டுவிட்டேன்.

> ரிலே என்றே எழுதிவிடலாமே?

டர்பன் தம்பிக்கு: இங்கே பிள்ளைகள் பிரெஞ்சு வழியாக 'ரெலே' என்பார்கள். எந்த எழுத்துக்கூட்டில் அச்சிடுவது? பண நோட்டில் தமிழ் வரியின் இடம் மாறியதற்கே எதிர்ப்பு எழுந்து, 1998இல் வந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்ற நாடு இது. தமிழ் வகுப்புக்கான தமிழ்க் கையேட்டில் முயன்று பார்க்காமலே விட்டுவிட எனக்கு மனமில்லை.

நான் முன்வைப்பது 'இடையஞ்சல்'. இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் அஞ்சல். கூட்டுச் சொற்களிலும் தாங்குகிறது. யார் எதைக் கொடுத்தாலும் கடத்திவிடுவது 'திறந்த இடையஞ்சல்'. குப்பை மடல் அனுப்புவோர் தேடுவது அதைத்தான். போஸ்ட்ஃபிக்ஸ் 554 என்ற எண்ணோடு மறுத்தால், 'இடையஞ்சலுக்கு அனுமதி இல்லை'. பாதுகாப்பான வெளிச்செல் இடையஞ்சல் என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் புரிகிறது.

நேற்றிரவு வரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'சரி, இதையே போடுங்கள்' என்றார்கள். முதல் தடவை வருமிடத்தில் மட்டும் 'ரிலே' என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து

---

(இதற்கு ஒருவர் எழுதிய பதில்)

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் இடையஞ்சல் இடத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. அப்புறம், 25இல் நடப்பது ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தல். 587இல் நடப்பது அனுப்புபவர் தம் மடலை வழங்கியிடம் ஒப்படைத்தல் (சப்மிஷன்). இரண்டும் வேறு. ஒப்படைத்தலுக்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'சமர்ப்பணம்' என்றால் நான் ஒப்ப மாட்டேன்.