நர்ஸ் பிராக்டிஷனரா (என்பி), பிசிஷியன் அசிஸ்டென்டா (பிஏ)? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஆறு வருஷமா வார்டு நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ராத்திரி மூணு மணிக்கு பேஷண்டுக்கு பிரஷர் இறங்குது. அடுத்து என்ன செய்யணும்னு தெரியும், ஆனா ஆர்டருக்காக போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கிறேன். போதும், நானே நோயைப் பார்த்து மருந்து எழுதுற மாதிரி மேல படிக்கப் போறேன். நர்ஸ்களுக்கான என்பியா, டாக்டரோட சேர்ந்து வேலை பார்க்கிற பிஏவாங்கிறதுதான் குழப்பம்.

ரெண்டு படிப்புமே 1965-ல பிறந்ததுதான், வளர்ந்த விதம்தான் வேற. என்பின்னா வேலையை விடாம படிக்கலாம். ஆனா குடும்பநலம், குழந்தைகள், மனநலம்னு சேரும்போதே பிரிவைத் தேர்ந்தெடுக்கணும். பின்னாடி மாறணும்னா மறுபடி படிப்பு, மறுபடி பரீட்சை. பிஏ சுமார் 27 மாசம், முழுநேரம், கிட்டத்தட்ட 2,000 மணி நேரம் கிளினிக்கல், அதாவது நேரடியா பேஷண்டைப் பார்த்துப் பழகுற பயிற்சி. சம்பளத்தை மறந்துட வேண்டியதுதான்! ஆனா நாளைக்கு ஆர்த்தோவுல இருந்து எமர்ஜென்சிக்கு மாறலாம்.

என்னை உறுத்துறது கிளினிக்கல் மணிக்கணக்குதான். என்பிக்கு ரொம்ப காலமா குறைந்தபட்சம் 500; 2022 தரவிதிகள்லதான் 750 ஆக்கினாங்க. அதுக்கும் பல காலேஜ்ல பிரிசெப்டரை (பயிற்சியில கூட இருந்து கத்துக்கொடுக்கிறவரை) நாமளே தேடணுமாம்.

என்பி முடிச்சவங்க, பிரிசெப்டர் எப்படிப் பிடிச்சீங்க? நர்ஸா இருந்து பிஏ போனவங்க யாராவது இருக்கீங்களா? டாக்டர் மேற்பார்வை இல்லாம என்பி தனியா பார்க்கலாம்னு சொல்ற மாநிலங்கள்ல, முதல் வருஷம் பயமா இல்லையா?