அம்மாவின் விளக்கெண்ணெய் பாட்டிலில் பிக்காசோ

கேள்வி: தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா (சிப்பாய்). அவர் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த ஷத்தோ மூத்தோன் ரோத்சில்ட் 1973 ஒயினின் காலி பாட்டிலில்தான் அம்மா விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். லேபிளில் பிக்காசோ ஓவியம், ஒரு மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. இது அவ்வளவு பெரிய பெயரா?

பதில்: விளக்கெண்ணெயா, ஐயோ! 1855இல் பிரான்சின் போர்தோ வட்டார ஒயின்களைத் தரம் பிரித்தபோது இதை இரண்டாம் தரத்தில் தள்ளினார்கள். பெயரோ மூத்தோன்! உரிமையாளர் பிலிப் தெ ரோத்சில்ட் பல வருடம் மல்லுக்கட்டி, 1973இல்தான் முதல் தரம் வாங்கினார். உங்களுடையது அந்த வருடத்துப் பாட்டில்.

இன்னொருவர்: 1945 முதல் ஆண்டுக்கொரு ஓவியம் லேபிளில் வருகிறது. ஆனால் 1973 ஒயின் சுமார்தான். லேபிளுக்குத்தான் மவுசு.

கேட்டவர்: சரி, எண்ணெயை மாற்றிவிட்டேன். வாடைதான் போகமாட்டேன் என்கிறது.