மகள் பெயரைப் பள்ளியில் 'லூ' ஆக்கிவிட்டார்கள், யோசனை சொல்லுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். நான் மதுரை, கணவர் வேல்ஸ்காரர், குடும்பப் பெயர் ஜோன்ஸ். 9 வயது மகளுக்கு அவருடைய பாட்டியின் பெயரை வைத்தோம். எழுத்து: எல்-எல்-ஈ-யூ-சி-யூ. உச்சரிப்பு ஏறக்குறைய 'லெய்க்கி'. முதல் ஒலி காற்றாக வரும், அதைத் தமிழில் எழுத எனக்குத் தெரியவில்லை. லூசியா என்பதன் வேல்ஸ் வடிவம்.

வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் இருந்தவரை "பழைய காலத்துப் பெயராச்சே" என்பார்கள், அத்தோடு சரி. இங்கிலாந்தில் பர்மிங்காம் வந்ததும் வருகைப் பதிவில் 'லூக்கூ', அதைச் சுருக்கிப் பிள்ளைகள் 'லூ'. இங்கே லூ என்றால் கழிப்பறை. "லூசின்னு மாத்திடும்மா" என்று அழுகிறாள்.

இன்னொன்று, மருந்துச் சீட்டில் இரண்டாவது எழுத்து 'ஐ' என்று பதிவாகி, "இப்படி யாரும் இல்லையே" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தாமிரபரணி:
மருந்துச் சீட்டு விஷயம் சுலபம். பல எழுத்துருக்களில் சின்ன எல்லும் பெரிய ஐயும் ஒரே குச்சிதான். எந்தப் படிவத்திலும் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதுங்க. போனில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லா சொல்லுங்க: "லிமா, லிமா, எக்கோ, யூனிஃபார்ம், சார்லி, யூனிஃபார்ம்". திருத்தத்தை மருந்துக்கடையில் சொல்லிப் பயனில்லை, உங்க டாக்டர் கிளினிக் பதிவில் மாத்தணும். இல்லேன்னா அடுத்த சீட்டும் அப்படியேதான் வரும்.

எழில்_லீட்ஸ்:
அக்கா, என் பெயரில் ழ இருக்கு. இசட்-எச் போட்டு எழுதினதால 11 வருஷமா நான் 'எஸில்'. உங்க இரட்டை எல்லும் அதே கதைதான். வேல்ஸ் அகரவரிசையில் அது ஒரே எழுத்து, அகராதியில் எல்லுக்கு அடுத்துத் தனியா வரும். குறுக்கெழுத்துன்னா ஒரே கட்டம். அவங்க கணக்குல பாப்பா பெயர் அஞ்சே எழுத்து!

வகுப்பில் அவளையே சொல்லிக்கொடுக்க விடுங்க. ல சொல்ற இடத்துல நாக்கை வெச்சு, குரல் கொடுக்காம காத்தை மட்டும் பக்கவாட்டில் விடணும். எச்சில் தெறிக்கிற சத்தம்னா 9 வயசுப் பிள்ளைங்க விடுவாங்களா?

நொய்யல்:
எனக்கு மாற்றுக் கருத்து. பெயரைச் சுமக்கிறது பிள்ளை, நாம இல்லை. பள்ளிப் பதிவில் 'அழைக்கும் பெயர்' தனியா குறிக்கலாம், கேட்டுப் பாருங்க. சான்றிதழைத் தொட வேண்டாம். லூசியும் லூசியாவிலிருந்து வந்ததுதானே, ஒண்ணுவிட்ட அக்கா மாதிரி.

சுவான்சீ_சுப்பு:
நொய்யல் அண்ணா சொல்றது நியாயம். ஆனா கூட ஜோன்ஸும் இருக்கே! முன்னாடி வேல்ஸிலும் நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான். 'அப் ரீஸ்'னா ரீஸ் மகன், அது ஒட்டிப்போய் பிரைஸ் ஆச்சு. 'அப் ஹவெல்' பவல் ஆச்சு. நிரந்தரக் குடும்பப் பெயர் வந்தப்போ ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ஈவன்ஸ்னு சிலதுக்குள்ளேயே அடங்கிட்டாங்க. ஆளைப் பிரிச்சுச் சொல்ல 'பால்கார ஜோன்ஸ்'னு தொழிலையே சேர்க்க வேண்டியிருந்தது. லூசி ஜோன்ஸ்னு மாத்திட்டுப் போங்க, அதே மருந்துக்கடையில் வேற லூசி ஜோன்ஸோட மாத்திரையைக் கையில கொடுப்பாங்க.

வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. கிளினிக்கில் திருத்தியாச்சு. வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்த மறுநாளே ஆசிரியை மன்னிப்புக் கேட்டார். லூ நின்றது, இப்போது மொத்த வகுப்பும் பாம்பு மாதிரி சீறுகிறது என்கிறாள். நீச்சல் வகுப்பில் மட்டும் லூசியாம், அது அவள் முடிவு.

தமிழில் எழுத ஒரு வழி கண்டுபிடித்தேன்: ஃப போல 'ஃலெய்க்கி'. அதை அப்பாவுக்கு அனுப்பினேன். பல்செட்டோடு வரவில்லை என்று அதைக் கழற்றிவைத்துவிட்டு வீடியோ காலில் பேத்தியிடம் பாடம் கேட்கிறார்.