மலாவியில சேர்ச்சும் கிணறும் கட்டிப்போட்டு வந்தம், ஊரில ஏச்சு வாங்கிறம்

பரந்தன் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் மனம் நொந்துதான் எழுதுறன். எங்கட சபையால 11 பேர் போன ஓகஸ்ட்டில மலாவிக்குப் போய் வந்தம். ஆபிரிக்காவில சாம்பியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவில கிடக்கிற சின்ன நாடு. நாலு பேர் கிளிநொச்சி முல்லைத்தீவு ஆக்கள், மிச்சம் கனடா, லண்டன், காசு சேர்த்ததும் அவைதான். கொழும்பு, டுபாய், அடிஸ் அபாபா, லிலோங்வே எண்டு பிளேன் மாறி மாறிப் போய், பேந்து லொறியில அஞ்சு மணித்தியாலம் செம்பாட்டுப் புழுதி. மூண்டு கிழமை நிண்டு ஒரு சேர்ச்சுக்குச் சுவர் எழுப்பித் தகரம் போட்டு, ஒரு குழாய்க்கிணறும் அடிச்சுக் குடுத்தம்.

அதுக்கு முதல் அந்த ஊர்ப் பொம்பிளையள் காய்ஞ்ச ஆத்தில மணலைத் தோண்டி, ஊறுற தண்ணியைக் கோப்பையால அள்ளி அள்ளி வாளியை நிரப்பினவை, ஒரு வாளிக்கு அரை மணித்தியாலம், நான் பக்கத்தில குந்தி இருந்து பார்த்தனான். குழாயில தண்ணி வந்த நேரம் அவை போட்ட குரவை இன்னும் காதுக்க நிக்குது. இங்க வந்து பேஸ்புக்கில நாலு படம் போட்டா, "உன்ர வீட்டுக் கேத்தில்ல சுண்ணாம்பு பிடிச்சிருக்கு, அதைப் பார் முதல்" எண்டு ஒருத்தர், "மதம் மாத்திற கூட்டம்" எண்டு இன்னொருத்தர். உண்மையா நாங்கள் செய்த பிழை என்ன? ஏசாமல் சொல்லுங்கோ.

சிவபூமி:
ஏசேல்லை தம்பி, கேக்கிறன். தண்ணி குடுக்கிறது புண்ணியம், அதில ஒரு கதையும் இல்லை. கிணத்தோட ஏன் சேர்ச் போகுது? தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறவன் தண்ணியோட நிக்கோணும். 1816ல அமெரிக்கன் மிசன் யாழ்ப்பாணத்தில வந்து இறங்கின நாள் தொடக்கம் இதே கதைதான், எழுத்துப் படிக்கோணுமோ, அப்ப வேதமும் படி. அதுக்காகத்தான் நாவலர் 1848ல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் துவங்கினவர். எங்கட ஊருக்கு நாங்கள் முகாமால திரும்பி வந்த நேரம் என்ன நடந்தது எண்டு உமக்கும் தெரியும், அரிசிப் பையோட ஒரு புத்தகமும் வந்தது. வயிறு காய்ஞ்சு கிடக்கிறவன்ர வாசலில கடவுளைக் கொண்டுபோய் வைக்கிறது எனக்குப் பிடிக்காது, அது வன்னியா இருந்தாலென்ன மலாவியா இருந்தாலென்ன.

மடு றோட்:
சிவபூமி அண்ணை, நீங்கள் அடிக்கிற இடம் பிழை. மலாவியில நாலில மூண்டு பங்கு சனம் ஏற்கனவே கிறிஸ்தவம். ஸ்கொட்லாந்துக்காரர் லிவிங்ஸ்டோனியா மிசன் எண்டு 1875லயே அங்க போய் இறங்கீற்றினம், எங்கட கனக்கச் சபையளுக்கு அண்டைக்குப் பேரே இல்லை. அப்ப மதம் மாத்தப் போனவை எண்ட கதை சரிவராது. எனக்கு வேற கேள்வி இருக்கு. தம்பி, நான் வேதக்காரன்தான், கோபிக்காதையும், அந்த ஊரில நீங்கள் போக முதல் எத்தினை கோயில் இருந்தது?

பரந்தன் பெடியன்:
ரெண்டு. ஒண்டு பிரெஸ்பிற்றேரியன், ஒண்டு உங்கட கத்தோலிக்கம். ஒரு சின்னப் பள்ளிவாசலும் இருக்கு. ஆனா எங்கட சபைச் சனம் மாமரத்துக்குக் கீழதான் ஆராதனை வைச்சது, நவம்பரில மழை துவங்கினா ஏப்ரல் வரைக்கும் அதுவும் இல்லை. அவையே செங்கல் அரிஞ்சு சூளை வைச்சு அடுக்கி வைச்சிருந்தவை, சீமெந்துக்கும் தகரத்துக்கும் தான் காசில்லை. நாங்கள் போய்த் திணிக்கேல்லை, கேட்டவை.

மடு றோட்:
கேட்டவை எண்டால் சரி. கேக்காமல் கட்டின கோயில் எனக்கும் ரெண்டு மூண்டு தெரியும், பெயர் சொல்லேல்லை.

ஸ்காபரோ குளிர்:
கதையைச் சுத்தாமல் காசுக்கு வாங்கோ. 11 பேர் ரிக்கற், விசா, தடுப்பூசி, சாப்பாடு. அந்தக் காசை அப்பிடியே அங்க அனுப்பியிருந்தா எத்தினை கிணறு அடிச்சிருக்கலாம்? நானும் உந்தச் சேர்ப்புக்கு 200 டொலர் குடுத்தனான், அதால கேக்கிற உரிமை இருக்கு. சும்மா போய் வாறதில எல்லாம் நல்லது நடக்காது. 2006ல அமெரிக்காவில சனாதிபதி புஷ்ஷின்ர மனுசி லோரா புஷ் மேடையில ஏறி 16.4 மில்லியன் டொலர் எண்டு அறிவிச்ச பிளேபம்ப் ஞாபகமோ? சின்னப் பிள்ளையள் சுத்தி விளையாடுற ராட்டினம், அது சுத்த நிலத்துக்குக் கீழ இருந்து தண்ணி ஏறும். கேக்க அமிர்தம் மாதிரி. பிள்ளையள் பத்து நிமிசத்தில களைச்சுப் போயிட்டுதுகள், பிறகு கிழவியள்தான் குனிஞ்சு நிண்டு அந்த ராட்டினத்தைத் தள்ளினது. மலாவியிலயும் வைச்சவை, நல்லா வேலை செய்துகொண்டிருந்த கைப்பம்பைக் கழட்டிப்போட்டு. 2009ல வந்த ஒரு கணக்குப்படி சகாராவுக்குத் தெற்கால இருக்கிற கைப்பம்பில மூண்டில ஒண்டு ஓடாமல் நிண்டது. இதெல்லாம் ஆரோ ஒருத்தர் நல்ல மனசோட குடுத்ததுதான்.

பரந்தன் பெடியன்:
அண்ணை, ரிக்கற்றை வித்துக் கிணறு அடி எண்டு சொல்லுறது லேசு. ரிக்கற் இல்லாட்டி அந்தச் சேர்ப்பே நடந்திராது, நீங்களும் 200 டொலர் குடுத்திருக்க மாட்டியள், உண்மையா இல்லையா? போறவனைத் தெரிஞ்சபடியால்தானே குடுத்தனீங்கள்.

ஸ்காபரோ குளிர்:
அது உண்மை. உன்ர கொம்மா போன் எடுத்தவ.

மாங்குளம் மேசன்:
உதில நான் கொஞ்சம் கதைக்கலாம் எண்டு நினைக்கிறன், நான் பாதி மேசன் பாதி கிணத்துக்காரன். 2010ல ஊருக்கு விட்ட நேரம் எங்கட ஒழுங்கையில ஒரு கட்டுக்கிணறு கூட இறைக்காமல் பாவிக்கேலாது, கிணத்துக்குள்ள என்னென்ன கிடந்தது எண்டு இங்க எழுதேலாது. பிறகு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிறுவனங்கள் வந்து மூண்டு குழாய்க்கிணறு அடிச்சுது, மூண்டுக்கும் மூண்டு பெயர்ப்பலகை, மூண்டுக்கும் திறப்பு விழா, மாலை, ரிபன். ரெண்டு வருசத்தில பலகை மட்டும் நிண்டுது. ஒண்டு வைகாசியோட வத்தீற்று, ஏனெண்டால் அடிச்சது தையில, மாரித் தண்ணி மேல நிக்கிற நேரம் பதினைஞ்சு அடியில தண்ணியைக் கண்டோடன காணும் எண்டு விட்டிட்டாங்கள். எங்கட அப்பா கிணறு வெட்டுறது எண்டால் ஆவணி புரட்டாதிதான், தண்ணி அடி மட்டத்தில நிக்கேக்க வெட்டினாத்தான் அது கிணறு. மற்றது ரெண்டும் பம்பு பழுது. இந்தியா மார்க் 2, இரும்புக் குழாய், கழட்டுறதெண்டால் முக்காலி கட்டி நாலு பேர் இழுக்கோணும், அதுக்குரிய சாவி நிறுவனக்காரன்ர வாகனத்தில வந்து வாகனத்திலயே போயிட்டுது.

தம்பி நான் மதம் கதைக்கேல்லை. மூண்டு விசயம் சொல்லும். எத்தினை அடி ஆழம்? என்ன பம்பு? பழுதானால் ஆர் பாக்கிறது?

பரந்தன் பெடியன்:
ஐயா, குழாய்க்கிணறு அடிச்சது நாங்கள் இல்லை, அங்கத்தைக் கொன்ராக்காரர் லொறி மெசினோட வந்து ரெண்டு நாளில அடிச்சிட்டுப் போனவர். 48 மீற்றர் எண்டு கடதாசியில இருக்கு. பம்பு அப்ரிடேவ். அந்த நாடு முழுக்க அதுதான் போடுறவை. பொம்பிளையள் கூடின ஒரு கிணத்துக் கொமிற்றி இருக்கு, பத்துப் பேர், வீட்டுக்கு வீடு மாசம் மாசம் கொஞ்சக் காசு சேர்க்கினம். பழுதானால் அந்தப் பகுதிக்கு ஒரு மெக்கானிக் சைக்கிளில வருவார்.

சேர்ச்சில நாங்கள் செய்த வேலையையும் உண்மையாச் சொல்லுறன், சிரிக்காதையுங்கோ. முதல் நாள் நானும் கனடாப் பெடியன் ஒருத்தனும் அஞ்சு வரி செங்கல் வைச்சம். அடுத்த நாள் காலமை போய்ப் பார்த்தா மூண்டு வரிதான் இருக்கு. அங்கத்தை மேசன் இரவு தூக்குக்குண்டு பிடிச்சுப் பார்த்திட்டு மேல ரெண்டு வரியையும் தட்டி எடுத்திட்டார், எங்களுக்கு மனவருத்தம் வராமல் இருக்க வெள்ளாப்பில வந்து திருப்பி வைக்க நினைச்சவராம், நாங்கள் முந்தீற்றம். பிறகு நான் கல்லுத்தான் தூக்கினனான்.

மாங்குளம் மேசன்:
ஹா ஹா. அந்த மேசன் நல்ல மனுசன், நானெண்டால் உமக்கு முன்னாலயே தட்டியிருப்பன்.

அப்ரிடேவ் நல்ல சாமான். பயிற்சி ஒண்டில பார்த்திருக்கிறன், அதில குழாயைக் கழட்டத் தேவையில்லை, மேல மூடியைத் திறந்து கம்பியைக் கையால இழுத்து எடுத்து யூ சீல் எண்ட ரப்பரை மாத்தலாம், சாவி ஒண்டு காணும், பொம்பிளையளே செய்வினம். அதுக்கெண்டே செய்த பம்பு. ஆனா அந்த ரப்பர் வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும். ஓகஸ்ட் எண்டால் அங்க மழை இல்லாத காலம் எண்டுறீர், அப்ப அது பறவாயில்லை, ஆனா தண்ணி இன்னும் ரெண்டு மூண்டு மாசம் இறங்கியிருக்கும். சேர்ச்சைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை, சுவர் நிக்கும். பம்புதான் நிக்காது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
எல்லாம் வாசிச்சன். தம்பி, படத்தைப் பற்றி ஒரு சொல்லு. யுத்தம் முடிஞ்ச கையோட கிளிநொச்சியில கவிண்டு கிடந்த தண்ணித்தாங்கிக்கு முன்னால பஸ் பஸ்ஸா வந்து இறங்கி நிண்டு படம் எடுத்த சனம் ஞாபகமோ? நாங்கள் அதுக்குப் பக்கத்தால வெறுங்குடத்தோட போவம். ஒருத்தரும் எங்களை ஏசேல்லை, அடிக்கேல்லை, சிரிச்சவைகூட. ஆனா அந்தப் படத்துக்குள்ள நானும் நிண்டிருப்பன் எண்டு நினைக்க இண்டைக்கும் முகம் சுடுகுது. நீர் போட்டதில மூக்கு வழிஞ்சுகொண்டு ஒரு பிள்ளை உம்மட இடுப்பில இருக்கு. தாயிட்டக் கேட்டுத்தான் போட்டனீரோ?

மற்றது, சிவபூமி ஐயாவுக்கு. மிசன் எண்டால் எல்லாம் ஒண்டு இல்லை. 1847ல யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில வைத்தியம் பார்த்த அமெரிக்கன் மிசன் டொக்டர் கிரீன் ரெண்டு தரமா இருபது வருசம் மட்டில இங்க இருந்தவர், தமிழ் படிச்சு, தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சு, புத்தகத்தையும் தமிழில ஆக்கினவர். மூண்டு கிழமையில திரும்பி வாற ஆக்களை அவரோட சேர்த்து ஏசிறது கிரீனுக்கும் அநியாயம், புகழுறது இவைக்கும் காணாது.

இனி எனக்கு உண்மையில உறுத்திற கேள்வி. அந்தக் கிணறு எங்க இருக்கு? சேர்ச் வளவுக்குள்ளயோ வெளியிலயோ?

பரந்தன் பெடியன்:
ரீச்சர், படத்தை எடுத்திட்டன். கேக்கேல்லை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

கிணறு வளவுக்குள்ள. காணி அதுதான் இருந்தது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
வேலி? கேற்?

பரந்தன் பெடியன்:
வேலி அடிச்சது நாங்கள். ஆடு மாடு வந்து பம்படியை உழக்கிப் போடும் எண்டு. கேற் இருக்கு. ஆனா எல்லாரும் வந்து அள்ளலாம் எண்டு பாஸ்ரர் திறப்பு விழாவில சொன்னவர், பள்ளிவாசல் பக்கத்துச் சனத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
சொல்லுவினம் தம்பி. எங்கட ஊர்க் கோயில் கிணத்திலயும் "எல்லாரும்" எண்டுதான் சொன்னவை. என்ர அம்மம்மா காலத்தில அவ அந்தக் கட்டில ஏறேலாது, ஆரும் மேல நிண்டு ஊத்தினா கீழ நிண்டு ஏந்தோணும், அவை தோட்டத்துக்குப் போயிட்டா வரும் வரைக்கும் வெறும் பானையோட காவல். திறப்பு ஆற்ற கையில இருக்கோ அவற்ற கிணறு அது. சேர்ச் கட்டினதில எனக்குப் பிரச்சினை இல்லை, கிணத்தைச் சேர்ச்சுக்குள்ள வைச்சதிலதான் பிரச்சினை. பின்னேரம் அந்தக் கேற் பூட்டுறவையோ?

சிவபூமி:
இதைத்தான் நானும் முதலே சொன்னது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
இல்லை ஐயா, நீங்கள் சொன்னது இதில்லை. என்ர அம்மம்மா ஏறேலாமல் நிண்டது பிள்ளையார் கோயில் கிணறு.

மடு றோட்:
(இதுக்கு மேல நான் எழுதேல்லை, தேத்தண்ணி குடிக்கப் போறன்.)

பரந்தன் பெடியன்:
ரீச்சர், பூட்டுறவையோ எண்டு எனக்குத் தெரியாது. நாங்கள் ஆறு மணிக்கே தங்கின இடத்துக்குப் போயிடுவம். அங்க எங்களுக்கு மொழிபெயர்ச்ச தம்பிக்கு வட்ஸப்பில கேட்டிருக்கிறன்.

மாங்குளம் மேசன்:
கேக்கிறதோட கேக்கிறதா என்ர ஒண்டையும் கேளும். காலமை முதல் ஆள் போய்ப் பம்பை அடிக்கேக்க எத்தினையாவது தரத்தில தண்ணி வருது எண்டு. பொம்பிளையளிட்டக் கேக்கச் சொல்லும், கொமிற்றித் தலைவர் ஆம்பிளையெண்டால் அந்தாளுக்குத் தெரியாது.

பரந்தன் பெடியன்:
ஐயா பதில் வந்திட்டுது. முதல் மாசம் அடிச்ச உடன வந்ததாம். இப்ப காலமையில இருபத்தைஞ்சு முப்பது தரம் அடிக்கோணுமாம், பிறகு நல்லா வருதாம். பகலில பிரச்சினை இல்லையாம். இது பாரதூரமோ?

மாங்குளம் மேசன்:
இப்பைக்கு இல்லை. இரவு குழாயில நிக்கிற தண்ணி கீழ இறங்குது. அடி வால்வில ஓ ரிங் எண்ட ரப்பர் வளையம் போயிருக்கும், இல்லாட்டி மண் தட்டியிருக்கும். அந்தச் சைக்கிள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வால்வைத் தூக்கிப் பாக்கச் சொல்லும், அதுவும் அந்தக் குழாய்க்குள்ளாலயே மேல வரும். இப்ப பாக்காட்டி நூறு தரம் அடிக்க வேண்டி வரும், பிறகு தண்ணி வராது எண்டு மணல் கிடங்குக்கே திரும்பப் போவினம். ஓ ரிங் காசு கொமிற்றியிட்ட இருக்கோ எண்டும் கேளும், இல்லாட்டி ஸ்காபரோக்காரரிட்ட வாங்கும்.

ஸ்காபரோ குளிர்:
ரப்பருக்குத் தாறன். ரிக்கற்றுக்குத் தரமாட்டன்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
கேற் விசயம் என்ன சொன்னவர்?

பரந்தன் பெடியன்:
அதையும் சேர்த்துத்தான் கேட்டனான் ரீச்சர். வாசிச்சிட்டார், நீலக் கோடு விழுந்திருக்கு. மற்றதுக்கு மட்டும்தான் பதில் வந்தது.