ஹாலோவீன் எங்கிருந்து வந்தது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
அக்டோபர் 31 அன்று பேய் வேடமிட்டு வரும்படி மகளின் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். இது அமெரிக்க வழக்கமா, கிறித்தவச் சடங்கா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்:
வேர் அயர்லாந்தில் இருக்கிறது; இன்றைய வடிவம்தான் அமெரிக்காவுடையது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என்று அங்கு வாழ்ந்த பழங்குடியினரான கெல்ட் மக்கள் நம்பினர். பின்னர் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் பெருவிழாவாக்கியதால், அதன் முந்தைய இரவு ஹாலோவீன் ஆயிற்று. அந்த இரவில் டர்னிப் கிழங்கைக் (முள்ளங்கி போன்றது) குடைந்து உள்ளே விளக்கேற்றிய அயர்லாந்துக்காரர்கள், அமெரிக்காவில் குடியேறியபின், குடைவதற்கு எளிதான பூசணிக்கு மாறினர்.

பதில் (ஏற்காடு):
இங்குள்ள கத்தோலிக்கர்களுக்கு முக்கியமானது நவம்பர் 2, கல்லறைத் திருநாள்தான். கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி, சாமந்தி மாலை சாற்றி, மலைக்காற்றில் அணையாதபடி கையால் மறைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பேய் வேடத்துக்கு அதில் இடமே இல்லை.

பதில்:
ஹாலோவீன் இரவில் குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கத்துக்கும் முன்னோடி உண்டு: இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, இறந்தோருக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிச் சிறு கேக்குகளைப் பெற்றனர்.