லாம்ப்ரூஸ்கோ ஒயினா, கலரா?

கார்க்திருகி:
நேற்று நண்பர் வீட்டில் லாம்ப்ரூஸ்கோ ஊற்றினார்கள். இத்தாலிச் சிவப்பு ஒயின் என்றதும் ஆசையாக வாங்கினேன், பார்த்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி, மேலே ரோஸ் நுரை, வாயில் வைத்தால் கல்யாண வீட்டுக் கலர். பரோலோ மாதிரி கனமான சிவப்பு ஒயின் செய்கிற நாட்டில் இதையும் ஒயின் என்று விற்கிறார்களே, அநியாயமாக இல்லையா? இது அமெரிக்காவின் கான்கார்ட் மாதிரி லாப்ருஸ்கா திராட்சையாம், அதனால்தான் ஜாம் வாசனை.

மொதேனா மாலை:
கடைசி வரி தப்பு. லத்தீனில் காட்டுத் திராட்சைக் கொடிக்கு லாப்ருஸ்கா என்று பெயர், இரண்டுக்கும் பெயர் அங்கிருந்து வந்தது, அவ்வளவுதான் ஒற்றுமை. லாம்ப்ரூஸ்கோ ஐரோப்பியக் கொடி, அதுவும் ஒரே திராட்சை இல்லை, ஒரு கூட்டம். சோர்பாரா வெளிறிய நிறம், நல்ல புளிப்பு. கிராஸ்பரோஸா கறுப்பு, துவர்ப்பு. சலாமினோவின் கொத்து குட்டி சலாமி சாசேஜ் மாதிரி இருக்கும். சோர்பாராவின் பூவில் மகரந்தம் வேலைக்கு ஆகாது, அதனால் ஊடே சலாமினோவை நட்டால்தான் ஒழுங்காகக் காய்க்கும். அது சரி, உங்கள் பாட்டிலில் என்ன போட்டிருந்தது, செக்கோவா, அமாபிலேயா, தோல்சேயா?

கார்க்திருகி:
தோல்சே. அதனால் என்ன?

மொதேனா மாலை:
தோல்சே என்றாலே இனிப்பு, அமாபிலே அரை இனிப்பு, செக்கோதான் இனிப்பு அடங்கினது. பாயசத்தை வாங்கிக் குடித்துவிட்டு ரசம் ஏன் இனிக்கிறது என்று சண்டைக்கு வந்தால் நான் என்ன செய்வது?

பழைய பாட்டில்:
குறுக்கே வருகிறேன். கார்க்திருகி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1970, 80களில் ரியூனித்தே கம்பெனியின் லாம்ப்ரூஸ்கோ அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது, 80களில் அங்கே அதிகம் விற்ற இறக்குமதி ஒயினே அதுதான். இனிப்பு, மலிவு. பெயர் கெட்டது அப்படித்தான். இன்னொன்று, செக்கோ என்று போட்டாலும் லிட்டருக்கு 15 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம், அதையும் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

மொதேனா மாலை:
இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் லாம்ப்ரூஸ்கோ பிறந்த வட இத்தாலி மொதேனா பக்கத்துச் சாப்பாட்டோடு வைத்துப் பாருங்கள். மோர்த்தடெல்லா என்கிற பன்றி சாசேஜ், பார்மா ஹாம், பன்றிக் கொழுப்பில் பொரித்த மாவுப் பலகாரம் ஞோக்கோ ஃப்ரித்தோ, கூடவே பார்மிஜானோ சீஸ், எல்லாமே கொழுப்பு, அந்தப் பிசுக்கை நாக்கிலிருந்து கழுவ புளிப்பும் குமிழியும் வேண்டும், பரோலோவை ஊற்றினால் அது தன் பெருமையைப் பேசிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும். ஆல்கஹாலும் 11 சதவீதத்தை ஒட்டித்தான், மதியம் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அங்கே நான் இருந்தபோது பெரியவர்கள் இதை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரான மாந்துவாவில் சூடான சூப்பிலேயே ஊற்றிக் குடிப்பார்கள்.

கார்க்திருகி:
சூப்பில் ஊற்றுகிற அளவுக்குத்தான் மரியாதை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. தொட்டியில் கேஸ் ஏற்றி பாட்டிலில் அடைப்பதற்குப் பெயர் சோடா கம்பெனி.

மொதேனா மாலை:
கேஸ் ஏற்றுவது கலரில். இங்கே மூடிய ஸ்டீல் தொட்டிக்குள் ஈஸ்ட் இரண்டாவது தடவை நொதித்து தானாகக் குமிழி விடுகிறது. இத்தாலியின் இன்னொரு குமிழி ஒயின் புரோசெக்கோவும் பெரும்பாலும் இப்படித்தான், அதை மட்டும் மூக்கை உயர்த்தாமல் குடிக்கிறீர்கள். பழைய முறைப்படி பாட்டிலுக்குள்ளேயே நொதிக்க விட்டு, அடியில் வண்டலோடு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கார்க்திருகி:
புரோசெக்கோ பெரும்பாலும் வெள்ளை. வெள்ளை குளிரலாம். சிவப்பு குளிர்ந்தால் எனக்குக் கை நடுங்குகிறது, அது என் பழக்கம், விடுங்கள். ஒரு சோர்பாரா செக்கோ வாங்கிப் பார்க்கிறேன். பிடித்திருந்தாலும் இங்கே வந்து சொல்ல மாட்டேன்.

பழைய பாட்டில்:
வாங்கினால் சமீபத்திய அறுவடைப் பாட்டிலாகப் பாருங்கள். பரோலோ மாதிரி அலமாரியில் போட்டு வைத்தால் பழ வாசனை போய்விடும், அப்புறம் அதற்கும் மொதேனாக்காரரைத்தான் திட்டுவீர்கள்.