மறு: ‘எக்ஸ்போஷர்’ – ‘வெளிப்பாடு’ வேண்டாம், ‘ஆட்படல்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உணவாலும் தண்ணீராலும் வரும் வயிற்றுநோய்ப் பரவலை விசாரிக்கும் படிவத்துக்கான சொற்பட்டியலில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ‘நோயரும்பு காலம்’ (கிருமி உடலுக்குள் போனதிலிருந்து நோய் தலைகாட்டும் வரையான காலம்) மாதிரி ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிற இடத்தில் நாம் கைவைக்க வேண்டியதே இல்லை (பத்திரிகைகளில் ‘அடைகாக்கும் காலம்’ என்று எழுதுகிறார்கள், கிருமி என்ன கோழியா). ‘எக்ஸ்போஷர்’ மட்டும், அதாவது நோய் தரக்கூடிய ஒன்று ஒருவரிடம் வந்து சேர்வது, நகர மாட்டேன் என்கிறது.

> ‘வெளிப்பாடு’ பல மொழிபெயர்ப்புகளில் வந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் ‘நோயாளியின் வெளிப்பாடு’ என்று படிக்கிறவர் அவர் எதையோ வெளிப்படுத்தினார் என்றுதான் நினைப்பார். இங்கே நடந்தது நேர் எதிர், வெளியிலிருந்து ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதோடு ‘மரபணு வெளிப்பாடு’ என்பது உயிரியலில் வேறொன்றுக்கு உறுதியாக நிலைத்துவிட்ட சொல், பரவல் விசாரணை அறிக்கையில் ஆய்வகப் பகுதியும் இருக்கும் என்பதால் ஒரே அறிக்கையில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

> உணவு பற்றிய படிவம்தானே? ‘உட்கொண்டவை’ போதாதா?

நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன், மக்களுக்குப் புரியும் சொல் என்பதால். ஆனால் 2011-இல் ஜெர்மனியில் நடந்ததைப் பார்த்தால் அது போதாது என்று தெரியும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் தேடுகிற சொல்லின் எல்லை எங்கே என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது.

அந்த ஆண்டு மே மாதம் வட ஜெர்மனியில் ரத்தமும் கலந்த வயிற்றுப்போக்கு பரவியது, பலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகமும் பழுதானது. காரணம் ஈ.கோலை என்ற குடல் கிருமியில் ஓ104:எச்4 என்ற வகை. 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 50-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். நோயாளிகளைக் கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரைவகை என்று சொன்னார்கள். பச்சையாகச் சாப்பிடாதீர்கள் என்று அரசு அமைப்புகளும் அறிவித்தன. மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்றார்கள். அந்தக் காய்களில் இருந்த கிருமி வேறு வகை என்று சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் அதற்குள் சந்தை படுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது.

உண்மையான காரணம் முளைகட்டிய வெந்தயம். ஆமாம், நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயமேதான், எகிப்திலிருந்து போன விதை. கீழ்சாக்சனியில் பீனன்பியூட்டல் என்ற ஊரில் ஒரு பண்ணை அதை முளைகட்டி விற்றது. ஜூன் மாதம் பிரான்சில் போர்தோ பக்கத்தில் பெக்ல் என்ற இடத்திலும் இதே வகைக் கிருமி தலைகாட்டியபோது, இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த விதைச் சரக்குதான்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். நேர்காணலில் முளைகட்டிய எதையாவது (சுருக்கமாக முளைப்பயறு என்கிறேன்) சாப்பிட்டதாகச் சொன்ன நோயாளிகள் நான்கில் ஒருவர்தான்! வெள்ளரியைச் சொன்னவர்களோ மிகப் பெரும்பாலோர். பொய் சொல்லவில்லை, சாலட் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை தூவியிருந்ததை யார் கவனித்தார்கள்? ஆகவே ல்யூபெக் நகரத்து உணவகம் ஒன்றில் விசாரணைக் குழு கேள்வியையே மாற்றியது. ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, குழுவாக வந்து சாப்பிட்டவர்களிடம் ‘எந்த உணவை வரவழைத்தீர்கள்’ என்று மட்டும் கேட்டார்கள். பில்லையும், மேசையில் எடுத்த புகைப்படங்களையும் வைத்து அதைச் சரிபார்த்தார்கள். அப்புறம் சமையற்காரரிடம் போய், அந்தந்தத் தட்டில் என்னென்ன போடுகிறார் என்று எழுதி வாங்கினார்கள். கணக்குப் போட்டால், முளை போட்ட தட்டு வந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14.2 மடங்கு. ஜூன் 10 அன்று ஜெர்மனியின் மூன்று அரசு அமைப்புகள் சேர்ந்து முளைப்பயறுதான் என்று அறிவித்தன.

ஆக, அந்த ஆய்வில் ‘எக்ஸ்போஷர்’ என்று அளந்தது உட்கொண்டதை அல்ல, பரிமாறப்பட்டதை. முளையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டவரும் அந்தக் கட்டத்துக்குள்தான் வருவார். ‘உட்கொண்டவை’ என்று படிவத்தில் தலைப்பு வைத்தால் இந்த ஆய்வை அதில் பதியவே முடியாது. இன்னும் இருக்கிறது: பேதியான குழந்தையின் துணியைத் துவைத்த பாட்டி, ஆட்டுப்பட்டியில் விளையாடிய பிள்ளை, குளத்தில் குளித்தவர், யாரும் எதையும் ‘உட்கொள்ள’வில்லை.

> ‘தொடர்பு’? ‘பாதிப்பு’?

‘தொடர்பு’ கொரோனா நாட்களில் ஆளுக்கு ஆள் தொடர்பு என்ற பொருளில் ஊறிப்போய்விட்டது. ‘பாதிப்பு’ எல்லாவற்றையும்விட மோசம், கண்டிப்பாக வேண்டாம். விசாரணையின் உயிரே ஒரு நான்கு கட்ட அட்டவணை: அந்த உணவு வந்தவர் / வராதவர், நோயுற்றவர் / நோயுறாதவர். ‘பாதிக்கப்பட்டவர்’ என்றால் இதில் முதல் பிரிவா, இரண்டாவதா? மருத்துவமனையில் அது நோயாளியைக் குறிக்கிறது. நிரப்புகிறவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் நோயில்லாமல் தப்பியவர்கள் அட்டவணையிலிருந்தே காணாமல் போவார்கள், அவர்கள் இல்லாமல் ஒப்பிட ஆளே இல்லை.

என் முன்மொழிவு ‘ஆட்படல்’. ஆட்பட்டவர், ஆட்படாதவர், ஆட்பட்ட நாள், ஆட்பட்ட பொருள், ஆட்பாட்டுக் காலம் என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. கலைச்சொல்லை ஒற்றைப் பெயர்ச்சொல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, வினையாக்கும்போது ‘செய்யப்பட்ட’, ‘செய்யப்படாத’ என்று வால் ஒட்டுவதுதான் நம் பட்டியல்களின் பழைய வியாதி.

‘ஆட்படு’ என்றால் அடிமையாவது, பக்திப் பாடல் வாடை அடிக்கிறது என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். வாடை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘சபலத்துக்கு ஆட்பட்டான்’, ‘சோதனைக்கு ஆட்படுத்தினார்கள்’ என்று இன்று எழுதுகிறோம், யாரும் அதில் திருவடியைத் தேடுவதில்லை. ‘உட்படல்’ என்று மாற்றலாமே என்றவருக்கு: ‘முளைப்பயறு உட்பட’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், சரி வராது.

இன்னொன்று. இந்தச் சொல் அறிக்கைக்கும் அட்டவணைக்கும் மட்டும்தான். ஆளிடம் கேட்கிற கேள்வியில் ‘ஆட்படல்’ தலைகாட்டவே கூடாது. இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியதிலிருந்து எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள் புழங்கின. சுகாதாரப் பணியாளர் ஐயப்படுவது எஸ், மருத்துவர் கருதுவது பி, ஆய்வகம் உறுதிப்படுத்துவது எல். எண்ணிக்கைக்கு அது சரி. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்கும்போது கேள்வி தமிழில் எழுதப்பட்டிருக்காவிட்டால் சுகாதார ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் வாய்க்கு வந்தபடி மொழிபெயர்ப்பார். ‘உங்களுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?’ என்றால் ஒருவர் ஒரு தடவை இளகிப் போனதற்கே ஆமாம் என்பார், இன்னொருவர் ரத்தம் போனால்தான் ஆமாம் என்பார். யாழ்ப்பாணத்தில் அதுவே ‘வயிற்றோட்டம்’. ‘பேதி’ என்றால் மருந்து குடித்துப் போகவைத்ததும் அதில் சேரும். அதனால் பெயரைச் சொல்லாமல் ‘ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனதா?’ என்று கேட்டுவிடலாம், உலகச் சுகாதார அமைப்பின் வரையறையும் அதுதான்.

உணவுப் பட்டியலுக்கும் இதே கதி. ‘கொத்தமல்லி’ என்றால் இலையா விதையா? ‘சட்னி’ என்று ஒரே கட்டம் வைத்தால் அதற்குள் தேங்காய், பச்சை மிளகாய், தழை எல்லாம் ஒளிந்துகொள்ளும். 2008-இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா செயின்ட்பால் என்ற குடல் கிருமி பரவியபோது முதலில் தக்காளியைப் பிடித்து உலுக்கினார்கள், பிறகுதான் ஹாலப்பீனோ, செரானோ மிளகாய்களுக்கு வந்தார்கள். 1,400-க்கும் மேற்பட்டோர் நோயுற்ற பரவல் அது. சல்சா என்ற அவர்கள் சட்னியில் தக்காளியோடு அரைபட்டுக் கிடந்த மிளகாயைத் தனியாக யார் நினைவில் வைப்பார்? ஆகவே நம் படிவத்தில் பொடியாக நறுக்கித் தூவுகிறவை, அரைத்துக் கலக்கிறவை இரண்டுக்கும் தனிப் பக்கம் கேட்கிறேன்.

பதில் கட்டங்களும் எல்லா மாவட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: ‘ஆம்’, ‘இல்லை’, ‘சாப்பிட்டிருக்கலாம்’, ‘நினைவில்லை’. ‘சாப்பிட்டிருக்கலாம்’ வேண்டாம், குழப்பும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, வெந்தயம் மாட்டியிருந்தால் அந்தக் கட்டத்தில்தான் மாட்டியிருக்கும். வெற்றுக் கட்டம் மட்டும் கூடாது, கேட்கவில்லையா, கேட்டும் சொல்லவில்லையா என்று பிறகு தெரியாது.

எத்தனை நாளுக்குப் பின்னோக்கிக் கேட்பது என்பதை நோயரும்பு காலம்தான் முடிவு செய்யும். ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு என்றால் சில மணி நேரம், மஞ்சள் காமாலை ஏ வகை என்றால் 15 முதல் 50 நாள் வரை. கிருமி இன்னதென்று தெரியாத நிலையில் நோய் தொடங்கிய நாளுக்கு முந்தைய ஏழு நாள் என்று வைக்கலாம், தெரிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். தயவுசெய்து ‘நோய் தொடங்கிய நாள்’ என்றே எழுதுங்கள். ‘நோய்த் தேதி’ என்று சுருக்கினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளைத்தான் எழுதுவார்கள்.

மற்ற சொற்கள், சுருக்கமாக:

‘அட்டாக் ரேட்’டுக்கு (ஆட்பட்டவர்களில் எத்தனை பங்கு பேர் நோயுற்றார்கள் என்பது) ‘தாக்கு வீதம்’. விகிதம் (ரேஷியோ) வேறு, வீதம் (ரேட்) வேறு, இலங்கைப் பாடநூல்கள் இதில் ஒழுங்காக இருக்கின்றன, நாமும் இருப்போம். நோயாளிகளின் விவரத்தை ஆளுக்கு ஒரு வரியாக எழுதும் ‘லைன் லிஸ்ட்’டுக்கு ‘வரிப்பட்டியல்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள், வாங்குகிறவர் வருமான வரி நோட்டீஸ் என்று பயந்துவிடுவார். அணிக்கணக்கில் கிடைவரிசைக்கு ‘நிரை’ என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு நிரை, ஆகவே ‘நிரைப்பட்டியல்’. யாரை நோயாளியாகக் கணக்கில் எடுப்பது என்று சொல்லும் ‘கேஸ் டெஃபினிஷன்’ ‘நோயர் வரையறை’ என்றே இருக்கட்டும்.

மிஞ்சியிருப்பது கிருமியைச் சுமந்து வந்த உணவைக் குறிக்கும் ‘வெஹிக்கிள்’. ‘ஊர்தி’ என்றால் லாரி ஞாபகம் வருகிறது, ‘கடத்தி’யை மின்சாரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், இலங்கையில் புழங்கும் ‘காவி’ தமிழ்நாட்டில் நிறமாகிவிடும். ‘நோயேந்து உணவு’ என்று ஒன்று தோன்றியது, தண்ணீர் என்றால் ‘நோயேந்து நீர்’. திருப்தியில்லை. வேறு இருந்தால் சொல்லுங்கள், ‘ஆட்படல்’ மீது மறுப்பு இருந்தாலும் நான்கு கட்ட அட்டவணையில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.